ஆடாத கை

எங்கள் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்துவதற்கென்றே ஒரு கை உண்டு. வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அடுப்புக்கு விசிறுவது மாதிரி. நடக்கப் பழகின கையோடு இதுவும் பழகிவிடும். வெண்ணந்தூருக்கும் சேலத்துக்கும் நடுவில், எழுத்து அழிந்த ஒரு பலகையைத் தவிர வேறு அடையாளமே இல்லாத எங்கள் நிறுத்தத்தில் நின்று, பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்குமாக நான் ஆட்டிய ஆட்டத்துக்கு ஒரு ஊருக்கே காற்று வந்திருக்கும்.

இந்தக் கை ஒருநாள் நடுரோட்டில் என் மானத்தை வாங்கும் என்று போக்குவரத்து வார்டன் பயிற்சிக்குப் போகிறவரை எனக்குத் தெரியாது.

வேலையில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் நடத்தும் பயிற்சி அது. முடித்துத் தேறினால் சேலத்துச் சந்திப்புகளில் நிற்கலாம். நான் பி.காம். முடித்து, அரசுத் தேர்வுகள் எழுதி எழுதிச் சலித்து, வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தறி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் சுருக்கமாகப் பேசுவார். "இதுக்கும் போயிப் பாரு சாமி. ஆகலீன்னா நூல் மில்லு வேன்ல ஏறிக்க. அது ஊட்டு முன்னாடியே வந்து நிக்குது" என்றார். மில்லைக் கேவலமாக நான் நினைக்கவில்லை. என் தோழிகள் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தப் பிடிவாதத்துக்கு இந்தப் பயிற்சியை விட்டால் வேறு கொழுகொம்பு எதுவும் அப்போது என்னிடம் இல்லை.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் போக்குவரத்துப் பிரிவில் ஏட்டாக இருந்த அம்மாள். எல்லோரும் ஏட்டம்மா என்போம். காலையில் மைதானத்தில் நிற்க வைத்து, நில், போ, திரும்பு என்று கை காட்டச் சொல்லிக் கொடுத்தார். மைதானத்தில் நாங்கள் எல்லோரும் சூரர்கள். எதிரே வண்டி இல்லாதபோது யார்தான் சூரர் இல்லை?

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சந்திப்புக்கு எங்களை முதல்முறை கூட்டிப் போனபோதுதான் குட்டு உடைந்தது. என் முறை வந்தது. பளபளக்கும் பட்டை தைத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வருகிற ஷேர் ஆட்டோவைப் பார்த்துக் கையை நீட்டினேன். நீட்டியது என்னவோ பயிற்சியில் சொன்னபடிதான். வண்டி நெருங்க நெருங்க மணிக்கட்டு தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. ஆட்டோக்காரர் என் பக்கத்தில் வந்து நிறுத்தி, "பஸ் ஸ்டாண்டா தங்கச்சி? பின்னாடி எடமிருக்குது, ஏறு" என்றார். அவருக்குப் பின்னால் வந்த மினி பஸ்ஸும் ஏதோ நிறுத்தம் என்று நினைத்து நின்றது. கதவு திறந்தது. வாழைத்தாரோடு ஒருவர் நடுச்சந்தியில் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் என்னிடமே வழி கேட்டார். நாலு பக்கமும் ஹாரன். என்னோடு வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர்கள் சிரிப்பும் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. அடுத்து நின்ற பனமரத்துப்பட்டிப் பையனின் கையைப் பார்த்து ஒரு தக்காளி வண்டி நின்று, "ஏறிக்க தம்பி, மார்க்கெட் வரைக்கும் போறேன்" என்றது. கிராமத்திலிருந்து வந்த ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அதே கைதான்.

ஏட்டம்மா சிரிக்கவில்லை. "ஆடுற கையைப் பார்த்தா யாரும் பயப்படமாட்டான். பாவம்னு வேணா நிப்பான். கையை நிறுத்துங்க, வண்டி தன்னால நிக்கும்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். தோள் கடுக்கும். உள்ளங்கை எதிரே பார்க்க வேண்டும், விரல்கள் சேர்ந்திருக்க வேண்டும், மணிக்கட்டு செத்ததுபோல் கிடக்க வேண்டும். அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குடி ஆசீர்வாதம் பண்றே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கை ஒருவழியாக வசத்துக்கு வந்தது.

வசத்துக்கு வராதது வேறொன்று. பயிற்சிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று முறை தாமதமானால் பெயரை எடுத்துவிடுவார்கள். எனக்கு இருந்த ஒரே வண்டி காலை டவுன் பஸ். அதற்கு முந்தினது எங்கள் வழியாக வராது, பிந்தினதில் போனால் பயிற்சி தொடங்கிவிட்டிருக்கும். அந்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல விஷயம்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அந்த ஓட்டுநருக்கு அதனாலேயே எங்கள் நிறுத்தம் கண்ணில் படாமல் போய்விட்டது. ஆண்கள் யாராவது நின்றால் நிறுத்துவார். பெண்கள் மட்டும் நின்றால், ஒன்று நிறுத்தத்தைத் தாண்டித் தூரமாய்ப் போய் நிறுத்தி எங்களை ஓடவிடுவார், இல்லை நிற்காமலே போவார். ஃபேர்லேண்ட்ஸில் வீட்டு வேலை செய்யும் ஒரு அக்கா தினமும் என்னோடு நிற்பாள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடுவதற்குத் தயாராகவேதான் நிற்பாள். "ஓசியில போறவளுக்கு ஓட்டமாச்சும் இருக்கட்டும்னு நெனைக்கிறானோ என்னமோ" என்பாள். அவள் சிரித்துக்கொண்டு சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு முறை அந்த வண்டி என்னை விட்டுவிட்டுப் போனது. இரண்டு முறையும் தாமதம். பயிற்சி முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. இன்னொரு முறை விட்டால் மில் வேன்தான் என்று தெரிந்த பிறகு, மறுநாள் காலை நிறுத்தத்துக்குப் போனதும் பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன். விசிலை வாயில் வைத்தேன். பஸ் வளைவில் திரும்பியதும் ரோட்டின் நடுவுக்குப் போய்க் கையைத் தூக்கினேன்.

பஸ் நின்றது. நன்றாகவே நின்றது. பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனுங்க, நீங்க எந்த ஸ்டேஷனு?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எங்கள் ஊரில் சண்டையைக்கூட 'ங்க' போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். நான் காதில் விழாததுபோல் ஏறிக்கொண்டேன். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் பாவியது. ஓட்டுநர் கொடுத்த புகார் மைதானத்துக்கு வந்துவிட்டது. ஏட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதலில் நான் எங்கே நின்றேன், எப்படி நின்றேன் என்று நின்று காட்டச் சொன்னார். காட்டினேன்.

"வளைவுல திரும்புற பஸ்ஸுக்கு நேர் எதிர்லயா நின்னே? பிரேக் பிடிக்கலைன்னா இந்நேரம் உங்கப்பன்கிட்ட நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?" என்று கத்தினார். பிறகு, "இந்தச் சட்டை சந்திப்புல நிக்கிறப்போ மட்டும்தான் உன்னுது. வெளியே போட்டா அது ஏமாத்து. மன்னிப்புக் கேளு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. "ஜாக்கெட் போட்டது தப்புங்க. அதுக்குக் கேட்டுக்கறேன். பஸ்ஸை நிறுத்துனதுக்குக் கேக்கமாட்டேனுங்க. அது பஸ் நிக்கிற எடம்" என்றேன்.

ஏட்டம்மா கையை நீட்டினார். ஜாக்கெட்டையும் விசிலையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "கடைசி நாள் தேர்வன்னைக்குக் காலையில நேரத்துக்கு வந்து நின்னா திருப்பித் தர்றேன். ஒரு நிமிஷம் பிந்தினாலும் வாசலோட திரும்பிப் போயிரு" என்றார். இடையில் இருந்த நாட்களில் நான் பிந்தவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் இரண்டு பேர் சேலத்தில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்கள் புண்ணியத்தில் பஸ் நின்றது. தேர்வுக்கு முந்தின நாளோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது.

அன்று சாயந்திரம் அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து, "நாளைக்கு நான் மொபெட்டுல கொண்டுபோயி உட்டுர்றேன்" என்றார். நான் கேட்காமல் அவராக இப்படிச் சொல்வது அபூர்வம். சரியென்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. "நாளைக்கு உடுவீங்கப்பா. தேறுனா தெனமும் போகோணுமே, தெனமும் உடுவீங்களா?" என்றேன். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "அந்த வண்டி நிக்கலீன்னா?" என்றார். "நிக்கோணும்" என்றேன். சொல்லும்போது இருந்த தைரியம் படுக்கும்போது இல்லை. இது ஒரு வீம்புதான், வீம்புக்கு நானே பலியாகப் போகிறேன் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் மொபெட்டில் போய் இறங்கி, சாலையை ஆளப்போகிறேன் என்று நிற்க எனக்கு மனம் வரவில்லை.

காலையில் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஆண் என்று பேருக்கு ஒருவர்கூட இல்லை. நான் அக்காவிடம் போய், "அக்கா, இன்னைக்கு யாரும் கையை ஆட்டாதீங்க. வரிசையா நின்னு, இப்பிடித் தூக்கிப் புடிங்க. ஆட்டவே கூடாது" என்று காட்டினேன்.

"ஆட்டி ஆட்டியே நிக்காத வண்டி, ஆட்டாம இருந்தா நிக்குமா அம்மணி?" என்றாள் அக்கா.

"ஒருநாளைக்கு எனக்காகப் புடிங்கக்கா. இன்னைக்கு நான் போகலீன்னா எல்லாம் போச்சு."

 அக்கா சோற்றுத் தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கையில் பாத்திரம் தேய்த்த வெடிப்புகள் தெரிந்தன. பக்கத்தில் நின்றவர்கள் கூச்சப்பட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி, "ஓட்டு கேக்கற மாதிரி இருக்குதுக்கா" என்றாள். அக்கா ஒரு முறைப்பு முறைத்தாள். ஒவ்வொன்றாகக் கைகள் மேலே போயின. மணிக்கட்டை ஆட்டிய ஒரு பெண்ணின் கையை நான் போய்ப் பிடித்து நிறுத்திவிட்டு வந்தேன். எல்லோரையும் ரோட்டுக்கு வெளியே, வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்க வைத்து, வரிசையின் ஓரத்தில் நானும் நின்று கையைத் தூக்கினேன். இந்தமுறை யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. உடம்பில் ஜாக்கெட் இல்லை, வாயில் விசில் இல்லை, வண்டிக்கு எதிரே நான் இல்லை. பலகைக்குக் கீழே பஸ்ஸுக்காக நிற்கும் பெண்கள், அவ்வளவுதான்.

பஸ் வளைவில் திரும்பியது. அதே ஓட்டுநர். வேகம் குறையவில்லை.  பக்கத்தில் யாருக்கோ கை தாழ்வது தெரிந்தது. "புடிங்க" என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் எங்களைப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை, சந்திப்பில் ஒரு லாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். முன்பக்கக் கண்ணாடி நேராக எங்களிடம் வந்துகொண்டே இருந்தது. பிறகு பிரேக் சத்தம் கேட்டது.

பலகைக்கு நேராக, ஒரு அடிகூடத் தாண்டாமல் நின்றது. புகார் என் மேல் போனபிறகு மேலதிகாரி அவரையும் நாலு கேள்வி கேட்டாரோ, இல்லை அசையாமல் நின்ற அத்தனை கைகளைக் கண்டு அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டதோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. அன்று ஃபேர்லேண்ட்ஸ் சந்திப்பில் எப்படி நின்றேன், ஏட்டம்மா அலமாரியைத் திறந்து அந்த ஜாக்கெட்டை எப்படி என் தோளில் போட்டார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. எனக்கு வேலை கிடைத்தது அங்கே என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

யாரும் ஓடவில்லை. ஒவ்வொருத்தியாக, அவசரமில்லாமல், படியேறினார்கள். நடத்துநர் ஆளுக்கொரு இலவச டிக்கெட் கிழித்தார். ஓட்டுநர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு மட்டும் எதுவும் ஓடவில்லை, அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியாக ஏறப்போன அக்கா படியிலிருந்து திரும்பிப் பார்த்து, இறங்கி வந்து, என் முழங்கையைப் பிடித்து மெதுவாகக் கீழே அமுக்கினாள்.

"கையை எறக்கு சாமி, வண்டி நின்னுருச்சு."