கொக்கு வாங்காத ரிப்போர்ட்

பழைய மாணவர் சந்திப்புக்கு மனைவியின் பின்னால் போகிற கணவனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. சட்டையில் குத்திக்கொள்ள பேர் எழுதிய அட்டை கிடையாது, சொல்லிச் சிரிக்கப் பழைய கதை கிடையாது. எந்த செக்‌ஷன் என்று கேட்டவர்களிடம் எல்லாம் நான் இவங்க வீட்டுக்காரர் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை நான் போகாமல் இருக்க முடியவில்லை. எப்படியாவது கொக்கு என்று பட்டப்பெயர் வைத்த பழைய வகுப்புத் தோழனைப் பிடித்து ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்கு வண்டி வேண்டும் என்று இவள் சொல்லிவிட்டாள்.

இவள் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். கடைத்தெருவில் யாராவது வந்து சிரித்தால் முகம் அடையாளம் தெரியாமல் முழிப்பாள். அவர் திரும்பி நடந்ததும், "ஓ, அந்த இடது முட்டியா" என்பாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நேரா நில்லுங்க, தோளை முன்னால தள்ளுங்க, நான் என்ன கடிக்கவா போறேன் என்று வருகிறவர்களை எல்லாம் ஒரு பிடி பிடித்துத்தான் படம் எடுப்பாள். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் மிளகாய். நாற்பது வருஷம் ஆகியும் காரம் குறையவில்லை என்பதற்கு நானே சாட்சி.

ஆனால் படத்தில் என்ன தெரிந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டாள். எடுப்பது எங்க வேலை, சொல்வது டாக்டர் வேலை, அவ்வளவுதான். ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து நானே போய் அவள் முன்னால் நின்றேன். விலா எலும்பு முறிந்திருக்கிறதா இல்லையா என்று கட்டின புருஷனுக்குக்கூடச் சொல்லாமல், டாக்டர் சொல்வார் என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்படிப்பட்டவள் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, நான் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, தன்னோடு படித்த கொக்கைப் பற்றிச் சொன்னாள். பத்து நாளாகவே வீட்டில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. கழுவின பாத்திரத்தையே கழுவினாள், பூட்டின கதவை மறுபடி போய் இழுத்துப் பார்த்தாள். நானும் ஏதோ வயசுக் கோளாறு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். விஷயம் அது இல்லை. மூன்று மாத இருமல் என்று சீட்டு வாங்கிக்கொண்டு கொக்கு எக்ஸ்ரேக்கு வந்திருக்கிறான். நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் ஒரு நிழல். மறுநாள் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நெஞ்சு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆள் வரவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டதற்கு, பள்ளிக்கூடச் சந்திப்பு முடியட்டும் என்று பதில் சொல்லியிருக்கிறான். இவள் கூப்பிட்டால் போனையே எடுக்கவில்லை. நாளைக் கடத்தக் கூடாது, எப்படியாவது வரச் சொல்லுங்க என்று டாக்டரே இவளிடம் சொல்லியிருக்கிறார்.

"இதை உங்ககிட்ட சொன்னதே தப்பு. ஆனா சொல்லாம என்னால முடியலைங்க," என்றாள். கையில் இருந்த ஸ்பானரை அப்படியே வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த நிலைகொள்ளாமை என்னையும் பிடித்துக்கொண்டது. முகம் தெரியாத ஒரு கொக்குக்காக நானும் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் கால் வைத்ததுமே கொக்கு யார் என்று தெரிந்துவிட்டது. பேருக்கு ஏற்ற மாதிரி நெடுநெடுவென்று, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, தோளில் வயர் சுருளோடு நடந்துகொண்டிருந்தான். மைக் செட் வாடகைக்கு விடுவது அவன் தொழில். சந்திப்புக்கும் அவன்தான் மைக். இவளைப் பார்த்தானோ இல்லையோ, ஏதோ ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று மேடைக்கு ஓடினான். மேடையில் ஸ்பீக்கர் நன்றாகத்தான் அலறிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு முழுக்க இதே கூத்துதான். ஹாலில் எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, நீ மாறவே இல்லை என்று கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலையில் முடியே இல்லாத ஒருவரைப் பார்த்தும் அதையே சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் பேச்சு சர்க்கரை மாத்திரைக்கும் முட்டி வலிக்கும் வந்துவிட்டது. இவள் யாரிடமும் முழுசாகப் பேசவில்லை. ஒருத்தியின் பேரப்பிள்ளை போட்டோவைப் பார்த்துக்கொண்டே கண்ணால் கொக்கைத் தேடினாள். அவன் ஜன்னல் பக்கம் இருந்தால் இவள் ஜன்னல் பக்கம் போவாள். இவள் போய்ச் சேர்வதற்குள் அவன் வாசல் பக்கம் இருப்பான்.

பதினோரு மணிக்கு எல்லாரும் பழைய வகுப்பறைக்குப் போய் அவரவர் பழைய இடத்தில் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவில் வயிற்றை நுழைக்க முடியாமல் ஆளாளுக்குத் திணறினார்கள். இங்கே தப்பிக்க முடியாது என்று இவள் நினைத்தாள். கடைசி பெஞ்சு காலியாகவே கிடந்தது. கொக்கு எங்கே என்று யாரோ கேட்டதற்கு, வெளியில் ஸ்பீக்கரிலிருந்து ஹலோ ஹலோ என்று அவன் குரல் வந்தது. நடுவில் ஒரு நீள இருமல். கைதட்டிச் சிரித்தார்கள். இவள் மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்திலும் அவன் சிக்கவில்லை. மணி நாலை நெருங்கியது. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். அடுத்தவர் வண்டி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிப்பதுதான் என் பிழைப்பு. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நானாவது போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். "நீங்க பேசினா கிரிக்கெட்லதான் போய் முடியும்," என்று எழுந்து விறுவிறுவென்று நடந்தாள்.

மேடையில் அவர்களுடைய வகுப்பு லீடர் பேசிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாகச் சேர்த்துவைத்திருந்தார் போலிருக்கிறது, முடிக்கிற வழியாகத் தெரியவில்லை. நட்பு என்பது என்று ஆரம்பித்தவரின் குரல் பாதியில் பொட்டென்று அறுந்தது. வாய் மட்டும் அசைந்தது. கொக்கு ஆம்ப்ளிஃபயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஓடினான். அங்கே பிடுங்கின பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு இவள் நின்றாள். நான் போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். கொக்கு என்னையும் பார்த்தான், பிளக்கையும் பார்த்தான். பிறகு அங்கே கிடந்த உடைந்த மேஜைமேல் உட்கார்ந்துவிட்டான்.

ரிப்போர்ட் ஏன் வாங்கவில்லை என்று இவள் கேட்டாள்.

"எதுக்கு வாங்கணும்? நீதான் அன்னைக்கே சொல்லிட்டியே."

"நான் ஒரு வார்த்தை சொல்லலை."

"வந்ததும் திட்டின. கூன் போடாதே, சட்டையைக் கழட்ட இவ்வளவு நேரமான்னு திட்டின. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன். அப்புறம் உள்ள போய்ப் படத்தைப் பாத்துட்டு வந்த. சட்டையை நீயே எடுத்துக் குடுத்த. பட்டன் மாத்திப் போட்டுட்டேன்னு கழட்டிச் சரியாப் போட்டு விட்ட. பாத்துப் போப்பான்னு சொன்ன." அவன் இருமினான். "மிளகா வாயிலேருந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்துதுன்னா அதுக்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாதா?"

இவள் முகம் வெளுத்துப்போனது. முப்பத்தோரு வருஷம் வாயை இறுக்கிக் கட்டிவைத்திருந்தவள். பட்டன் போட்டுவிட்ட விரல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஹாலில் மைக் மைக் என்று கத்த ஆரம்பித்திருந்தார்கள், யாரோ கதவைத் தட்டினார்கள். நான் முதுகைக் கொடுத்து அழுத்திப் பிடித்தேன்.

"அதுல ஒரு நிழல் இருக்கு," என்றாள் இவள். "அது என்னன்னு எனக்குத் தெரியாது. சளியா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்."

"உன் மூஞ்சிலதான் எழுதியிருந்துதே."

"என் மூஞ்சி என்ன டாக்டருக்கா படிச்சிருக்கு? மூஞ்சியைப் பாத்து வைத்தியம் பண்ணிக்கிற மடையனை இப்பத்தான் பாக்கறேன். ரெண்டு வாரம்டா. ரெண்டு வாரத்தை வீணாக்கிட்டே. உன் பொண்ணு வெளிநாட்டுலேருந்து வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" இன்னும் நிறையத் திட்டினாள். அதில் பாதியை எழுத முடியாது. திட்டத் திட்டக் கண்ணில் நீர் வழிந்தது, அதைத் துடைக்காமலே திட்டினாள். கொக்கு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில், நாலரைக்கு எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்கிறார்கள், அதில் மட்டும் நின்றுவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினான். பயந்த பிள்ளை மாதிரி கேட்டதில் எனக்கே மனசு இளகியது. டாக்டர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார், திங்கட்கிழமை என்றால் நீ மறுபடியும் ஓடுவாய் என்றாள் இவள். பிளக்கைச் செருகினாள். வெளியே லீடரின் நட்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நாங்கள் பின்வாசல் வழியாக இறங்கினோம்.

என் கார் டிரைவிங் ஸ்கூல் கார். பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். இவள் பின்னால் ஏறிக்கொண்டாள், கால் நீளம் என்று கொக்கை முன்னால் உட்கார வைத்தோம். கிளம்பி இரண்டு தெரு தாண்டியிருக்க மாட்டோம், நான் ஒன்றும் செய்யாமலே கார் நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மறுபடி எடுத்தேன். பெட்ரோல் பங்க் பக்கத்தில் மறுபடி நின்றது. குனிந்து பார்த்தேன். கொக்கின் இரண்டு காலும் பிரேக்மேல் இருந்தன. அவன் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், தெரியாமல் மிதிக்கிறானா தெரிந்தே மிதிக்கிறானா என்று சொல்ல முடியவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் என் வண்டியில் எத்தனையோ பேர் பயந்திருக்கிறார்கள், இப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

"காலை எடுடா," என்றாள் இவள் பின்னாலிருந்து. திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். உடனே அவன் முகம் மாறியதைப் பார்த்து, "எடுக்கறியா, இல்ல நான் முன்னாடி வரட்டுமா?" என்று குரலை உயர்த்தினாள். அவன் காலை எடுத்து மடக்கி வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வரைக்கும் முட்டி தாடையில் இடிக்க அப்படியே வந்தான்.

நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரிப்போர்ட் கவரை இவளே கவுண்டரில் போய் வாங்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பிரிக்கவில்லை. டாக்டர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். அவன் போனில் பள்ளிக்கூட குரூப்பில் போட்டோ வந்து விழுந்தது. எண்பது பேர் இருந்தார்கள். எங்கே நின்றிருப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தவன், பிறகு போனை அணைத்துப் பையில் போட்டான்.

நர்ஸ் கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டாள். இவளைப் பார்த்து, அக்கா நீங்க டியூட்டி இல்லையா, உள்ளே சொந்தக்காரங்க யாராவது ஒருத்தர்தான் வரலாம் என்றாள். இவள் எழுந்தவள் அப்படியே நின்றாள். கொக்கு வாசலில் திரும்பினான்.

"அவ வரட்டும் சிஸ்டர். டாக்டர் என்ன சொன்னாலும் எனக்கு மண்டையில ஏறாது. அவ மூஞ்சியைப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கணும்."

நர்ஸ் ஒதுங்கி வழிவிட்டாள். இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் என்னிடம் எதற்கும் யோசனை கேட்காதவள், முகத்தை எப்படி வைத்துக்கொள்ளட்டும் என்று கண்ணாலேயே கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அவள் உள்ளே போனாள்.