கொரட்டூர் மாமா இன்று என்ன சொன்னார்

படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தலைமுடியை எப்படி அலசுவது? வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த அன்று நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு உடம்பைத் துடைத்துவிடக் கற்றுக்கொண்டிருந்தேன். தலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து தலையணை நாறியது. இதைப் போய் டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

பத்து நிமிடத்தில் ஒரு குரல் பதிவு வந்தது.

"கண்ணு, பெரிய பிளாஸ்டிக் கவர் ஒண்ணு எடுத்துக்கோ. ரெண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி உள்ள வெச்சி, கால்வா மாதிரி பண்ணு. அத்த தலைக்கு அடியில வெச்சி, முனைய பக்கெட்டுல உடு. தண்ணி தானா ஓடிரும். காதுல பஞ்சு வெக்க மறந்துடாத. எங்க ஊட்டுக்காரருக்கு மொத தபா காதுல தண்ணி பூந்துகினு, என்ன உண்டு இல்லன்னு ஆக்கிட்டாரு."

சொல்லி முடித்து அவள் சிரித்தது கேட்டது. எங்கள் வீட்டில் யாரும் சிரித்து ஐந்து வாரம் ஆகியிருந்ததால், அந்தப் பதிவை இன்னொரு முறை போட்டுக் கேட்டேன்.

அவள் கொரட்டூர்க்காரி. குழுவில் எல்லோருக்கும் அக்கா. குழுவைத் தொடங்கியவர் பூந்தமல்லியில் தன் மாமியாரைப் பல வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்த ஒரு அம்மா. ஆவடி, அம்பத்தூர், திருவேற்காடு என்று இந்தப் பக்கத்துப் பெண்கள் அறுபது பேர் இருந்தோம். எல்லோர் வீட்டிலும் ஒருவர் படுக்கையில் இருந்தார். பூந்தமல்லி அம்மா வைத்த விதி ஒன்றே ஒன்று: நோயை மட்டும் எழுதக்கூடாது, வீட்டையும் எழுத வேண்டும். அதனால் காலையிலிருந்து ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஒருத்தி வீட்டில் மாவு பொங்கி வழிந்திருக்கும். ஒருத்தி வீட்டில் போர்வை மூன்று நாளாகக் காயாமல் கிடக்கும். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு பெண், கல்யாணம் ஆகாதவள், அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தினமும் அம்மாவின் தலைப்பின்னலைப் படம் எடுத்துப் போடுவாள். முகத்தைப் போட மாட்டாள், பின்னலை மட்டும்.

அக்கா போடுவது மாமாவின் வாய்மொழிகளை. அவள் கணவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். முதுகெலும்பில் அடிபட்டு நாலு வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "இன்னிக்கு மாமா சொல்றாரு, இந்தக் கொயம்பு வெச்சதுக்கு நீ என்ன ஏரில தள்ளி உட்டிருக்கலாம்னு." "டி.வில சமையல் போட்டாங்க. மாமா என்னக் கூப்ட்டு, பாத்துக்கோ, வெங்காயம்னா அப்டித்தான் நறுக்கணும்னாரு. கரண்டியால ஒண்ணு போட்டேன்." இதைப் படித்துவிட்டுத்தான் பலர் வேலையைத் தொடங்குவார்கள். அக்கா எழுதத் தாமதமானால் யாராவது கேட்டுவிடுவார்கள்: மாமா இன்னிக்கு என்ன சொன்னார்?

என் கணவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "இல்ல." தண்ணீர் வேண்டுமென்றாலும் இல்ல, வலித்தாலும் இல்ல, மகள் ஓசூரிலிருந்து வீடியோவில் வந்தால் சந்தோஷத்திலும் இல்ல. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். உடல்நிலை காரணமாக ஓய்வு கொடுத்தார்கள். குவாட்டர்ஸைக் காலி செய்து, கோவில்பதாகையில் கீழ்த்தளமாக ஒரு வாடகை வீடு பார்த்து வந்தோம். குவாட்டர்ஸ் சிநேகிதிகள் இரண்டு மூன்று முறை வந்தார்கள். அப்புறம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நோயாளி வீட்டுக்கு வந்து எவ்வளவு நேரம்தான் என்ன பேசுவது?

ஆனால் குழுவில் பேச்சு இருந்தது. ஒரு நாள் நான் தாங்க முடியாமல், "எனக்கு இவர் மேல் கோபமாக வருகிறது" என்று எழுதிவிட்டேன். உடனே அழித்துவிட நினைத்தேன். அதற்குள் ஏழெட்டுப் பேர், "எனக்கும்" என்று எழுதியிருந்தார்கள். அக்கா தனியாக அழைத்தாள்.

"கோவம் வந்தா தப்பா? வரட்டும். கோவத்தோட சோறு ஊட்டுனாலும் சோறு உள்ள எறங்குது இல்ல? அது போதும். நாலு வருசமா நான் இன்னா, சிரிச்சிகினேவா ஊட்டுறேன்?"

நாலு வருடம். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாட்களைத் தள்ளினேன். கொரட்டூர் மாமா நாலு வருடமாக இருக்கிறார், குழம்பில் உப்பு பார்க்கிறார். என் கணவருக்கும் அப்படி ஒரு வாழ்க்கை அமையலாம் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று நாள் மின்சாரம் இல்லை. அவருக்குப் போட்டிருந்த காற்று மெத்தை மோட்டாரில் ஓடுவது. மின்சாரம் போனதும் அது காற்றிறங்கிச் சப்பையாகிவிட்டது. பஞ்சு மெத்தையில் படுக்கவைத்து மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டேன். அப்படியும் மூன்றாம் நாள் இடுப்புக்குக் கீழே சிவந்துவிட்டது. குழுவில் எழுதினேன். அக்கா அழைத்தாள்.

"எங்க ஊட்ல தண்ணி மெத்த ஒண்ணு கீது. அதுக்குக் கரண்டே வேணாம். எடுத்துகினு போ."

"மாமாவுக்கு?"

"அவருக்கு இப்ப அது தேவப்படல கண்ணு. நீ கொரட்டூர் ஸ்டேசனுக்கு வா. நானே கொண்டாந்து குடுக்கிறேன்."

தண்ணீர் வடிந்த மறுநாள், மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஆவடியில் ரயில் ஏறினேன். பையில் ஒரு சின்ன பாட்டிலில் நாரத்தங்காய் ஊறுகாய் இருந்தது. மாமா அதைக் கேட்டு அடம்பிடிப்பதாக அக்கா முந்தின வாரம்தான் எழுதியிருந்தாள். கொரட்டூரில் இறங்கி அழைத்தேன்.

"அக்கா, சீக்கிரம் வந்துட்டேன். நீங்க ஏன் மெத்தையத் தூக்கிட்டு வரணும்? வீட்டுக்கே வர்றேன். மாமாவையும் பார்த்த மாதிரி இருக்கும்."

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"வா," என்றாள். வழி சொன்னாள்.

ஏரிக்குப் போகிற சாலையில் ஒரு சந்து. அவள் வாசலில் நின்றிருந்தாள். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக, வயதானவளாக இருந்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சன்னலோரம் இரும்புக் கட்டில். அதன் மேல் மெத்தை இல்லை, துவைத்த துணிகள் மடிக்காமல் குவிந்து கிடந்தன. மூலையில் கழிப்பறை நாற்காலியில் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தாள். நான் உள்ளறைப் பக்கம் பார்த்தேன்.

"அங்க இல்ல," என்றாள். "சித்திர மாசமே பூட்டாரு."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. சித்திரையிலிருந்து கார்த்திகை வரை மனதுக்குள் எண்ணினேன். நான் குழுவில் சேர்ந்ததே ஆடியில். அப்படியென்றால், நான் சிரித்த மாமாவின் வார்த்தை ஒன்றுகூட அவர் உயிரோடு இருந்தபோது எழுதப்பட்டதில்லை.

"ஏன்க்கா?" என்றேன். குரல் ஏறிவிட்டது. "உங்க நாலு வருஷத்த நம்பித்தானே நான் ஒவ்வொரு நாளும் எந்திரிக்கிறேன்? ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

அவள் கட்டில் விளிம்பில், துணிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"காரியம் முடிஞ்சி எயுதலாம்னுதான் ஃபோன எடுத்தேன். அன்னிக்குப் பாத்து அந்த முத்தாபுதுப்பேட்டப் பொண்ணு எயுதிகிது, மாமா நாலு வருசம் கீறாரு, எங்கம்மாவும் பொயச்சிக் கெடப்பாங்கன்னு. அதுக்குக் கீய நான் இன்னான்னு எயுதறது? நாளிக்கு எயுதலாம்னு உட்டேன்." ஒரு துணியை எடுத்து மடித்தாள். "அது மட்டும் இல்ல கண்ணு. பொய் சொல்லக்கூடாது. அவரு பூட்டாருன்னு சொல்லிட்டா அந்த குரூப்புல எனக்கு இன்னா வேல? புள்ள குட்டி இல்ல. காலைல எந்திரிச்சா யாருக்குக் கஞ்சி வெக்கறது? அங்க எயுதுனாதான் இந்த ஊட்ல ஒரு ஆளு பேசற மாதிரி கீது."

நான் ஊறுகாய் பாட்டிலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மெத்தை கனமாக இருந்தது. அவளும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தாள். ரயிலிலும் ஏறிவிட்டாள். எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்த மெத்தையை எனக்குப் போடத் தெரியாது என்பதும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு நேராக அவரிடம் போனாள். "இன்னா நைனா, எப்டி கீறே?" என்றாள், பல வருடம் பழகியவள்போல. அவர் "இல்ல" என்றார். "தோடா, வந்ததும் வராததுமா இல்லன்றியே," என்று அவர் தோளைத் தட்டினாள். அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு விரிந்தது. நோய்க்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மெத்தையில் தண்ணீர் நிரப்பி, அவரைப் புரட்டி முதுகைப் பார்த்தபோது மட்டும் அவள் முகம் மாறியது. புண் உள்ளே போயிருந்தது. அது எதில் கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சுத்தம் செய்வதென்று மட்டும் காட்டிக்கொடுத்தாள்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். நாங்கள் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நான் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால், அவள் வருவது நின்றுவிடுமோ என்ற பயம்தான் முதலில் தெரிகிறது. ஒரு நாள் அவள் கஞ்சி ஊட்டும்போது கரண்டி கீழே விழுந்தது. அவர் தெளிவாக, "போச்சு," என்றார். புதுச் சொல்! நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மத்தியானம் குழுவில் அக்கா எழுதினாள்: "கரண்டி கீய வுயுந்திச்சி. மாமா சொல்றாரு, போச்சுன்னு." நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். நானும் கட்டிலின் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு சிரிப்பைப் போட்டேன். பொய்க்கு நானும் துணை போனேன். அதோடு, என் கணவர் சொன்ன ஒன்றைக் கேட்டு நாற்பது பேர் சிரித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது.

மாசி மாதம் அவருக்குச் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். மகள் வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை பத்து மணி வாக்கில், அக்கா ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள், நான் கைப்பேசியை எடுத்தேன். குழுவில் ஒரே வரி எழுதினேன்: என் வீட்டுக்காரர் போய்விட்டார். அதை எழுதிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வேலை இருந்தது. அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் வார்த்தைகள் வரிசையாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, நெடுநேரம் எழுதினாள்.

"எங்க ஊட்டுக்காரரும் பூட்டாரு. போன சித்திரைல. சொல்லாததுக்கு மன்னிச்சிக்கோங்க."

முதலில் எழுதியது முத்தாபுதுப்பேட்டைப் பெண்தான். "எங்க எல்லாரையும் ஏமாத்திட்டீங்க. மாமாவ வெச்சுத்தான் எங்கம்மாவுக்குத் தைரியம் சொன்னேன்." அப்புறம் வேறு சிலர். சிலர் எதுவும் சொல்லாமல் விலகிப்போனார்கள். பூந்தமல்லி அம்மா, "விடுங்கள், அவரவர் துக்கம்," என்று எழுதினார். அதற்குள் அக்கா குழுவை விட்டு வெளியேறியிருந்தாள்.

"கரெக்டாதான் கேக்குது அந்தப் பொண்ணு," என்றாள் என்னிடம். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை.

நானும் குழுவில் எழுதுவதை நிறுத்தினேன். எழுத வீட்டில் என்ன இருந்தது? மகள் ஓசூருக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. அக்கா வருவாள், அல்லது நான் கொரட்டூர் போவேன். ஒருவர் சமைத்ததை மற்றவர் சாப்பிடுவோம். மாமாவைப் பற்றி அவள் பேச்செடுப்பதில்லை. நான் ஒருமுறை, நிஜமாகவே அவர் அப்படியெல்லாம் பேசுவாரா என்று கேட்டேன்.

"பேசுவாரு. ஆனா சிரிப்பா பேசமாட்டாரு. திட்டுவாரு. நான்தான் அத்த சிரிப்பா மாத்தி எயுதுவேன்."

ஆனி மாதம் ஒரு மத்தியானம், அக்கா என் வீட்டில் இருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. முத்தாபுதுப்பேட்டைப் பெண். அம்மா போய் பதினெட்டு நாள் ஆயிற்றாம். இதுவரை குழுவில் சொல்லவில்லையாம்.

"அக்கா நம்பர் எங்கிட்ட இல்ல. அவங்ககிட்டப் பேசணும்," என்றாள். "நேத்துக்கூட பழைய பின்னல் படத்தப் போட்டுட்டேன். இன்னிக்கும் போடக் கைய வெச்சுட்டேன். நிறுத்த முடியல."

நான் கைப்பேசியை அக்காவிடம் நீட்டினேன். யாரென்று சொன்னேன். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாங்கியும் உடனே காதில் வைக்கவில்லை.

"சொல்லு கண்ணு," என்றாள் கடைசியில்.

நான் கதவைச் சாத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே அவள் பேசுகிற சத்தம் கேட்கவில்லை. நடுநடுவே, "ம்," என்பது மட்டும் கேட்டது.