காசிம் நாநா வாங்கிய ஜெனரேட்டர்

காசிம் நாநா மௌத்தாகிவிட்டார் என்ற தந்தி வந்தபோது நான் கண்டியில் அலுவலகத்தில் இருந்தேன். கிடைத்த பஸ்ஸில் ஏறி மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் ஜனாஸாவை அடக்கிவிட்டு ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நில அளவை வேலையில் பல வருடங்கள் அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன் நான். கடைசியாக முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

அவரோடு பழகிய எல்லோருக்கும் அவருடைய கோபம் தெரியும். அளவுச் சங்கிலியை யாராவது தளர்த்திப் பிடித்தால் காடே அதிரக் கத்துவார். ஆனால் மகள் பரீதாவின் பேச்சை எடுத்தால் ஆளே மாறிவிடுவார். மாதத்தில் பெரும்பகுதி காட்டில் கழிந்ததால் வீட்டுக்கு அவர் விருந்தாளிதான். "புள்ள என்னயக் கண்டா கதவுக்குப் பொறத்தால ஒளியுது, தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

பல்லேகமப் பக்கம் முகாம் போட்டிருந்தபோது, பள்ளி விடுமுறைக்கு மனைவியையும் மகளையும் அங்கே அழைத்துவர ஆசைப்பட்டார். மனைவிக்கு இருட்டென்றால் பயம். அதனால் ஒரு ஜெனரேட்டர் வாங்குவதென்று முடிவு செய்தார். காட்டில் வெளிச்சத்துக்கும் ஆகும், வீட்டில் கரண்ட் போனாலும் உதவும் என்பது அவர் கணக்கு. மாத்தளைக் கடையில் இரண்டு இருந்தன. சிறியதில் பல்புகள் மங்கலாக எரிந்தன. பெரியதை முடுக்கியதும் கடை முழுக்கப் பளிச்சென்றது. பக்கத்தில் அரிசி மில் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் இயந்திரத்தின் சத்தம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. "இதுதான் சரி. அவள் பகல் எண்டே நெனச்சிக்குவாள்" என்று பெரியதைத் தட்டிக் கொடுத்தார்.

நாவுல வரை லொறியிலும், அங்கிருந்து டிரக்டரிலும் கொண்டுபோய், கடைசியில் தடியில் கட்டிச் சுமந்து சேர்த்தோம். எங்கள் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்தால் யாரும் உரத்துப் பேசமாட்டார்கள். யானை வந்தால் கிளை முறிகிற சத்தம்தான் எங்களுக்குக் காவல். குடும்பம் வந்த அன்று அந்தி மங்கும்போது நாநா இயந்திரத்தை முடுக்கினார். வெளிச்சம் என்றால் அப்படியொரு வெளிச்சம்! அந்தக் குதூகலத்தில், இயந்திரத்தின் இரைச்சல் காதை அடைத்ததை யார் நினைத்தார்கள்? சமையல் கூடாரத்தின் கயிறு அறுந்து விழுந்த பிறகுதான் யானை எங்கள் அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். ஓடித் தப்பினோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

விடிந்ததும் அவர் மனைவி மூட்டையைக் கட்டினார். "ஆன வாரது காதுல விழாத எடத்துல புள்ளய வெச்சிக்கொண்டு ஈக்க எனக்கு ஏலாது" என்றார். பிறகொரு நாள் நாநா என்னிடம் சொன்னார்: "சாமான்ல பிழை இல்ல, தம்பி. எவ்வளவு வெளிச்சம் தரும் எண்டு மட்டும்தான் கேட்டேன். எவ்வளவு சத்தம் போடும் எண்டு கேக்கல்ல."

இயந்திரம் மாத்தளை வீட்டுக்குப் போனது. அடுத்த விடுமுறைக்கு அவர்களை மறுபடி கூப்பிடும்படி நான் கெஞ்சாத குறை. இயந்திரமே வேண்டாம், அரிக்கன் லாம்பு போதும் என்றேன். "பயந்த புள்ளய எந்த மொகத்தோட கூப்பிட?" என்று மறுத்துவிட்டார். பென்சன் எடுக்கும் வரை தனியாகவே காட்டில் கிடந்தார். பிடிவாதக்கார மனிதர்! அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஜனாஸா அடக்கிய அன்று அவர் வீட்டில் பரீதா எனக்குத் தேநீர் தந்தாள். இப்போது அவளும் ஒரு பிள்ளைக்குத் தாய். பல்லேகமப் பேச்சு வந்தது. "நான் பயப்படவே இல்ல, அங்கிள். உம்மாதான் பயந்தாங்க. ஒவ்வொரு லீவுக்கும் வாப்பா கூப்பிடுவாரு எண்டு உடுப்பெல்லாம் மடிச்சி வெச்சிக்கொண்டு ஈந்தேன்" என்றாள். இதைக் கேட்கவேண்டியவர் கபுறுக் குழியில் இருந்தார்.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது ஒரு காட்சியைத்தான். யானை வருவதற்குச் சற்று முன், பரீதா பள்ளிப் புத்தகத்தை விரித்து அவருக்கு வாசித்துக் காட்டினாள். காதுக்குக் கையைக் கொடுத்து அவள் வாயருகே குனிந்திருந்தார். அந்த இரைச்சலில் ஒரு சொல்கூடக் கேட்டிருக்காது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.