காளீஸ்வரி மாற்றிய கோடு

காளீஸ்வரியின் நாற்காலியில் முள் இருக்கிறதோ என்னவோ, ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். காரைக்குடியில் அழகுசுந்தரம் நடத்தும் கட்டட வரைபட ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை. ஆனால் ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். கல்லலிலிருந்து பஸ்ஸில் வந்தால், நிறுத்தம் வருமுன்னே எழுந்து படியருகே நின்றுவிடுவாள். வேலையில் புலிதான். மற்றவர்கள் நாள் முழுக்க இழுப்பதை மத்தியானத்துக்குள் முடித்து வைப்பாள். அந்த வேகத்துக்குத்தான் சம்பளம், திட்டும் அதற்கே.

அன்று காலையில் கீழச்சிவல்பட்டி வீடு ஒன்றின் வரைபடம் வந்தது. அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டை ஓட்டலாக மாற்றுகிறார்கள். தரைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாயும் மின்கேபிளும் படத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடுகள். நடுவே வரும் ஆங்கில எழுத்து மட்டும்தான் வேறு.

"தோண்டுற பயலுகளுக்குப் புரியணும்த்தா, தமிழ்ல மாத்திக் குடு" என்றார் அழகுசுந்தரம். "வேன் நிக்குது, சீக்கிரம்!"

சீக்கிரம் என்று சொல்லிவிட்டால் போதும், அவளுக்குச் சாமி வந்துவிடும். இப்படிப்பட்ட கோடு ஒவ்வொன்றுக்கும் வரைபடத்துக்குள்ளே ஒரு செய்முறை உண்டு: கோட்டின் பெயர், எவ்வளவு நீளம், எவ்வளவு இடைவெளி, நடுவில் என்ன எழுத்து. அதை வெளியே எடுத்துத் திருத்தி மறுபடி ஏற்றினால், படம் முழுக்க அந்தக் கோடு மாறிவிடும். காளீஸ்வரி இரண்டையும் வெளியே எடுத்தாள். குழாய்க்கு 'நீர்' என்று போட்டாள். அந்த வரியையே நகலெடுத்துக் கேபிளின் பெயருக்குக் கீழே ஒட்டினாள். 'இந்தக் கோடு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. படித்தால்தானே! ஆமாம், ஆமாம் என்று தட்டினாள். பிரிண்ட் வேனில் ஏறிப் போனது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள், காலையில் மை மங்கியதால் ஒதுக்கிய அதே படத்தின் பிரிண்ட் ஒன்றை மேசையில் விரித்து அதன்மேல் டிபன் பாக்ஸைத் திறந்தாள். கண் கோட்டில் விழுந்தது. நீர். அடுத்த கோட்டிலும் நீர். மின் எங்கே? வரியை ஒட்டியவள் எழுத்தை மாற்றவே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இந்த அவசரக்காரிக்கு அதைவிட மட்டு.

டிபன் பாக்ஸைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்தப் பின்கட்டில் குழாயைத் தேடித் தரையை உடைப்பவன் அவள் தம்பி விக்கி. அவள்தான் பேசி அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. உடைக்கிற மெஷின் சத்தத்தில் எங்கே கேட்கும்? "எடுடா, எடுடா சனியனே!" அழுகை முட்டியது. விஷயத்தைக் கேட்ட அழகுசுந்தரம் பதறிப்போய், வீட்டுக்காரத் தேனம்மை ஆச்சியின் எண்ணைத் தேடிக் கொடுத்தார்.

"ஆச்சி, மெயின் சுவிச்ச அமத்துங்க! இப்பவே!"

"யாரு பேசுறீக?"

"படம் போடுற ஆபீசு. பின்கட்டுல கரண்டு வயருக்கு மேல தோண்டுறாக ஆச்சி!"

"இருத்தா, செருப்ப மாட்டிக்கிட்டு..."

"செருப்பு கிடக்கட்டும், ஓடுங்க!" ஆச்சி ஒருவரை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை.

ஆச்சி போனை அணைக்காமலே நடந்தார். மூச்சு இரைப்பது கேட்டது. தூரத்தில் மெஷின் தடதடத்தது. சட்டென்று அந்தச் சத்தம் நின்றது.

எதனால் நின்றது? ஆச்சி சுவிட்சைத் தொட்டுவிட்டாரா, இல்லை... காளீஸ்வரிக்கு அதற்கு மேல் நினைக்கத் தைரியம் இல்லை. போனைக் காதோடு அழுத்தினாள்.

"யாரு ஆச்சி கரண்ட அமத்துனது? வேல நடக்குறது தெரியலையா?"

விக்கியின் குரல்! போன உயிர் திரும்பி வந்தது. "அவன்கிட்ட குடுங்க ஆச்சி!"

"ஏக்கா, ஒனக்குக் கிறுக்கா?" என்று விக்கி கத்தினான். "செங்கல்லு தெரிஞ்சிருச்சு. அத ஒடைச்சா பைப்பு..."

"அது பைப்பு இல்லடா. கரண்டு வயரு. அதுக்கு மேலதான் செங்கல்லு அடுக்கி மூடுவாக. நான்தான் தப்பாப் போட்டேன்."

அந்தப் பக்கம் மெஷினைத் தரையில் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"டேய், திட்டவாச்சும் செய்யுடா. ஏதாச்சும் பேசு."

போன் கை மாறியது. "பய தரையில உக்காந்துட்டான்த்தா" என்றார் ஆச்சி. "தண்ணி குடுக்கச் சொல்லிருக்கேன்."

காளீஸ்வரி போனைப் பிடித்தபடியே விம்மி விம்மி அழுதாள்.