இன்ஸ்பெக்டர் வீட்டுச் சுவர்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் எதிர்வீடு வேம்புலியம்மாளுடையது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாக போல்ட்டு எண்ணிப் பெட்டியில் போடுகிறாள். ஒரு போல்ட்டுகூட வீட்டுக்கு வந்ததில்லை. அந்த வீட்டைத்தான் சினிமாக்காரர்கள் திருடன் வீடாக்கினார்கள்.

நாலு வருஷத்துக்கு முன் பிரசன்னா என்றொரு டைரக்டர் வந்தார். திருட்டுக் கும்பலை வைத்துக் காமெடிப் படமாம். கூடத்துச் சுவரில் இருந்த அம்பேத்கர் படத்தை முதலில் இறக்கச் சொன்னார். "அரசியல் வேணாம்மா, சிரிப்புப் படம்." முனகிக்கொண்டே அதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

சினிமா ஓடு ஓடென்று ஓடியது. அவள் மகள் நிஷா எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறாள். கோச்சிங் சென்டரில் அவளுக்குத் 'திருடன் ஊட்டுப் பொண்ணு' என்று பெயர் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். விளையாட்டாகச் சொன்னார்களாம், அந்த விளையாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நிஷா ஒரு வாரம் வகுப்புக்கே போகவில்லை.

போன வருஷம் இரண்டாம் பாகத்துக்கு அதே வீடு வேண்டுமென்று பிரசன்னா மறுபடி வந்தார். தாடி வளர்ந்திருந்தது. இந்த முறை அம்பேத்கர் சுவரிலேயே இருக்கட்டும் என்றார்.

"இன்னா நைனா, போன தபா எறக்குன்ன. இப்ப இருக்கட்டும்ன்ற?"

"அப்ப பயம்மா. இப்ப தைரியமா நம்ம அரசியலைப் பேசப்போறேன். உங்க வாழ்க்கை திரையில வரணும்ல?"

"எங்க ஊட்ல எவன் திருடினான்? உன் அரசியலை மாட்ட திருடன் ஊடுதான் கெடச்சுதா?"

பிரசன்னா நெளிந்தார். கெட்ட பிள்ளை இல்லை. யோசிக்காத பிள்ளை.

"உன் படத்துல இன்ஸ்பெக்டர் ஊடுன்னு ஒண்ணு கீதில்ல?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா. ஒரே ஒரு சீன். ஒரு ஃப்ளாட்ல எடுக்கறோம்."

"அந்தச் செவுத்துல யாரு படம்?"

"ஒண்ணுமில்லம்மா. வெறும் சுவர்."

"அங்க இவரை மாட்டு. நாளைக்கு என் பொண்ணு இன்ஸ்பெக்டரானா அவ ஊட்ல இவருதான் இருப்பாரு. அதைக் காட்டு. காட்டறதுன்னா ஊடு தரேன், இல்லாங்காட்டி நடையைக் கட்டு."

அவர் சத்தியம் செய்தார். படத்தை அவளே துடைத்து, பழைய புடவையில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். பத்து நாளில் பத்திரமாகத் திரும்பி வந்தது. ஃப்ளாட் சுவரில் அது தொங்குவதை போட்டோ எடுத்து பிரசன்னா போனுக்கு அனுப்பியிருந்தார். கம்பெனியில் ஒருத்தர் விடாமல் அதைக் காட்டினாள். நிஷாவும் கோச்சிங் சென்டரில் காட்டினாள்.

ரிலீஸ் அன்று அவளும் நிஷாவும் நானுமாக மூன்று பேரும் லீவு போட்டுவிட்டு அம்பத்தூரிலேயே பகல் காட்சிக்குப் போனோம். எதிர்வீடு திரையில் வந்தபோதெல்லாம் தியேட்டர் சிரித்தது. நிஷா தலையைக் குனிந்துகொண்டாள். "இரு, இப்ப வந்துடும்" என்று அவள் கையைப் பிடித்தபடியே இருந்தாள் வேம்புலியம்மாள். படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வீடு வரவேயில்லை.

வெளியே வந்ததும் பிரசன்னாவுக்கு போன் போட்டாள். எங்களுக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"எடுத்தேன்மா, சத்தியமா எடுத்தேன். படம் நீளமா இருக்குன்னு அந்த ஒரு சீனைத் தூக்கிட்டாங்க."

"திருடன் ஊடு மட்டும் நீளமா இல்லியா நைனா?" என்று கேட்டாள் வேம்புலியம்மாள்.