படித்துப் பார்த்தவரின் விரல்

என் அக்காவுக்கு அந்தக் குழுவில் "ஏன் அக்கா" என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவளுக்கு, விண்டோஸுக்கு மாற்றாக இலவச இயங்குதளம் உருவாக்கும் பொறியாளர்கள் கூட்டத்தில் என்ன வேலை என்று சிலர் முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவளை அங்கே போக வைத்தது ஒரு நர்ஸ். அந்த இயங்குதளத்தைத் தானே நிறுவப் போய், கணினியில் உள்ளதை அழிக்கலாமா என்பதைப் புரியாத வார்த்தைகளில் கேட்ட ஒரு கேள்விக்குச் சரி என்று அழுத்தி, மகளின் ஆறு வருடப் படங்களையும் இழந்துவிட்டாள். மூன்று நாள் மல்லுக்கட்டியும் அக்காவால் ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை.

"நான்தான் முட்டாள்தனம் பண்ணிட்டேன்" என்று அழுதாள் நர்ஸ்.

"உங்கமேல தப்பில்ல. அப்படிக் கேள்வி கேட்டவங்கமேலதான் தப்பு" என்றாள் அக்கா. அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததில்லை.

எட்டு மாதம், கடை திறக்குமுன் தினமும் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்குப் பதிலாகப் புதிய திரை ஒன்றை எழுதினாள். அது, கணினியில் இருப்பது எதையும் தொடாமல் மிச்ச இடத்தில் நிறுவும். குழுத் தலைவர் அதைச் சேர்க்க மறுத்தார். புதிய பதிப்பு வெளிவர ஒரு வாரம்தான் இருந்தபோது, குழுவின் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள்.

"திரையில எல்லாம் எழுதியிருக்கு மேடம். படிக்கிறவங்க யாரும் தப்பு பண்ண மாட்டாங்க."

"அப்ப உங்க லேப்டாப்பைக் குடுங்க சார்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் கொடுக்க வேண்டியதாயிற்று. அக்கா பழைய பதிப்பின் பென் டிரைவைச் செருகி, தன்னோடு கூட்டி வந்திருந்த ஒருவரை அதன் முன்னால் உட்கார வைத்தாள். பக்கத்து அச்சகத்தில் பிழை திருத்துபவர். சோப்பு உறையைக்கூட ஒரு எழுத்து விடாமல் படிக்கிற மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"எழுத்துப் பிழை இல்லம்மா. ஆனா ஒண்ணும் புரியல. ஒரு பெட்டியில டிக் அடிச்சே வச்சிருக்காங்க. அதுதான் சரியா இருக்கும்."

அவர் விரல் என்டர் விசையின் மேல் வந்து நின்றது. தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அழுத்தாதீங்க, எல்லாம் போயிடும்."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார் பிழை திருத்துபவர். நிஜமாகவே திரையில் தேடினார்.

தலைவர் அக்கா பக்கம் திரும்பினார். "அடுத்த பதிப்புல சேத்துக்கலாம் மேடம்."

"இந்தப் பதிப்புல. இல்லன்னா இந்த அண்ணன் அழுத்திடுவாரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. தலைவர் அந்த விரலையே பார்த்தபடி, "சேத்துடறேன்" என்றார்.

பதிப்பு வெளிவந்த மறுநாள், நர்ஸை, மகளைப் புதிதாக எடுத்த படங்கள் இருந்த லேப்டாப்போடு கடைக்கு வரவழைத்தாள். அவளையே நிறுவச் சொல்லிவிட்டு வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றாள். புதிய திரை வந்தது. "இந்தக் கணினியில் 31 படங்கள் உள்ளன. அவை அப்படியே இருக்கும்."

நர்ஸ் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு யாரையும் கேட்காமல் அழுத்தினாள்.