குருவியின் பசி

விருந்துக்குப் போகும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். வேலை வேனின் பின்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, கம்பிச் சுருளுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவே உட்கார்ந்து பெரிய பர்கர் ஒன்றை ஆற அமரத் தின்பாள். பிறகு உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டு விருந்து நடக்கும் உணவகத்துக்குள் போய், நண்பர்கள் நடுவே வெள்ளரித் துண்டைக் கொறிப்பாள். "குருவி மாதிரி சாப்பிடுறா பாரு" என்று யாரோ சொல்லப்போய் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

குருவி லிஃப்ட் பழுதுபார்ப்பவள். வயது இருபத்துநான்கு. கூட்டாளியோடு சேர்ந்து மோட்டாரை மாடிப்படியில் தூக்கிப் போகும்போது விசிலடிப்பாள். இன்னும் மூச்சு மிச்சமிருக்கிறது என்று காட்டுவதற்காம்!

வீட்டில் அண்ணன் மறுபடி தட்டை நீட்டினால் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "வளர்ற பையன், நல்லா சாப்பிடட்டும்." வளரும் பையனுக்கு முப்பது வயது. இவள் நீட்டினாலோ, "போதும்டி, உடம்பு போட்டுட்டா எளைக்கிறது கஷ்டம்" என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டே மகளின் தலையைப் பாசமாகக் கோதியும் விடுவாள். அதனால் இவளால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

சென்ற வாரம் வேலை இழுத்துக்கொண்டே போய்விட்டது. வேனில் தின்ன நேரமில்லை. சக ஊழியர் ஒருவரின் பிறந்தநாள் விருந்துக்கு நேராகப் போய், வழக்கம்போல் சாலட் சொன்னாள். தட்டு வந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்தாள்.

"டயட்டுன்னு பட்டினி கெடந்தா இப்படித்தான்" என்றார் ஒருவர்.

பக்கத்திலிருந்த ஆறடிக் கூட்டாளி மட்டும் குனிந்து, "பசிக்குதா?" என்றான்.

பொய் சொல்லத் தெம்பில்லை. "உயிர் போகுதுடா."

அவன் தன் பர்கர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "இத சாப்பிடு. எனக்கு இது ஆகாது, நெஞ்செரிச்சல். அந்த சாலட்ட இப்படிக் குடு."

"அப்புறம் ஏன்டா இத வாங்குன?"

"எலை தழையெல்லாம் நான் வாங்குனா இவனுங்க சும்மா விடுவானுங்களா? பொம்பளப் புள்ள மாதிரின்னு ஓட்டியே கொன்னுடுவானுங்க."

அந்த மயக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பர்கரை இரு கையாலும் எடுத்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இப்படிப் பார்த்தால் அவள் பசி எப்போதும் ஓடி ஒளிந்துகொள்ளும். அன்று ஒளியவில்லை. ஒரு பெரிய கடி கடித்தாள். சாஸ் மணிக்கட்டு வரை வழிந்தது, துடைக்கவில்லை. கூட்டாளி தலை நிமிராமல் கேரட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கடைசி வாயை விழுங்கியதும் பரிமாறுகிற பெண்ணைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"அக்கா, இன்னொண்ணு."